மின்னினால் மட்டும் போதுமா?

சைக்கிள் சீட்டுக்குக் கீழே ஒரு சிவப்பு பிளிங்கரை மாட்டிவிட்டால் பின்னால் வரும் லாரி டிரைவர் கண்ணில் கட்டாயம் பட்டுவிடுவோம் என்று ஒரகடம் பக்கத்தில் சைக்கிள் ஓட்டும் பலர் நம்புகிறார்கள். வல்லம், வடகால், மாத்தூர், சுங்குவார்சத்திரம் என்று வாடகை அறைகள் நெருக்கியடிக்கும் ஊர்களில் நூறு, நூற்றைம்பது ரூபாய்க்கு அது கிடைக்கிறது. பட்டன் செல்லில் எரிவது ஒரு வகை. விலை கொஞ்சம் கூடினால் செல்போன் சார்ஜரிலேயே சார்ஜ் ஏற்றிக்கொள்ளலாம். பொத்தானை ஒரு முறை அழுத்தினால் படபடவென்று மின்னும், இன்னொரு முறை அழுத்தினால் நிதானமாக மின்னும், மூன்றாம் முறை நின்று எரியும். நின்று எரியும்படி வைத்து ஓட்டுபவரைப் பார்ப்பது அபூர்வம்.

இந்த நம்பிக்கை எவ்வளவு தூரம் சரி? ‘ஒன்றும் இல்லாததற்கு ஏதோ ஒன்று இருந்தால் நல்லதுதானே’ என்று கடந்துபோகும் விஷயமில்லை இது. கண்ணில் பட்டுவிட்டோம் என்று நம்பி நடுச்சாலைக்கு வருபவருக்கும், படவில்லை என்று பயந்து ஓரத்தோடு ஒண்டிப் போகிறவருக்கும் உள்ள வித்தியாசம் சில அடிகள்தான். அந்தச் சில அடிகளில் உயிர் இருக்கிறது. ஆகவே விளக்கு என்ன செய்கிறது, என்ன செய்வதில்லை என்பதைத் தனித்தனியாகப் பிரித்துப் பார்த்தாக வேண்டும்.

முதலில் சாலை. சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் போகும் மாநில நெடுஞ்சாலையும் வண்டலூர்–வாலாஜாபாத் சாலையும் ஒரகடத்தில் குறுக்கிடுகின்றன. இருங்காட்டுக்கோட்டையில் 1998இல் ஹூண்டாய் கார் உற்பத்தியைத் தொடங்கியது. ஒரகடத்தில் 2010இல் ரெனோ–நிஸான், 2012இல் டெய்ம்லர், 2013இல் ராயல் என்ஃபீல்டு என்று வரிசையாக ஆலைகள் வந்தன. ஏரியும் நெல்வயலுமாக இருந்த இடத்தில் சாலைகள் அகலமாயின, மீடியன் வந்தது, வண்டிகளின் வேகம் கூடியது. புதுக் கார்களை அடுக்கிக்கொண்டு போகும் நீளமான டிரெய்லர், துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர், ஜல்லியும் எம்-சாண்டும் ஏற்றிய டிப்பர், ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டதென்று விரையும் கம்பெனி பஸ் எல்லாம் இதே சாலையில்தான் ஓடுகின்றன.

சைக்கிளில் போகிறவர்கள் யார்? கம்பெனி பஸ் நிரந்தரத் தொழிலாளிக்கு நிறுத்தம் தேடி வருகிறது. கான்ட்ராக்டில் வேலை செய்பவர்கள், கேன்டீன் ஆட்கள், ஹவுஸ்கீப்பிங், செக்யூரிட்டி என்று பலருக்கு அந்த வசதி இல்லை. ஒடிசா, பிகார், அசாம், ஜார்கண்டிலிருந்து வந்து ஒரே அறையில் நாலைந்து பேராகத் தங்கியிருப்பவர்கள் பழைய சைக்கிள் ஒன்றை வாங்கி, ஷிஃப்டுக்கு ஏற்ப ஆள் மாற்றி ஓட்டுகிறார்கள். இவர்களோடு பள்ளிப் பிள்ளைகளும் உண்டு. தமிழக அரசு 2001–02இல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்கென்று தொடங்கி, 2005–06இல் அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளின் பதினோராம் வகுப்பு மாணவர்கள் அனைவருக்கும் விரிவாக்கிய இலவச சைக்கிள் திட்டம் இந்தக் கிராமங்களின் வாசல்தோறும் ஒரு சைக்கிளை நிறுத்தியிருக்கிறது. நான் பார்த்தவரை அவற்றில் முன்பக்கம் கூடை இருக்கிறது, பின் மட்கார்டில் சிறிய சிவப்பு ரிஃப்ளெக்டர் இருக்கிறது, விளக்கு இல்லை. பன்னிரண்டாம் வகுப்புக்கு மாலையில் சிறப்பு வகுப்பு முடிவதற்குள், நவம்பர், டிசம்பரில், இருட்டிவிடுகிறது. வடகிழக்குப் பருவமழையும் அப்போதுதான்.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022இல் தமிழ்நாட்டில் 64,105 சாலை விபத்துகள் நடந்தன. மாநிலங்களிலேயே இதுதான் அதிகம். இறந்தவர்கள் 17,884 பேர். நாடு முழுக்கச் சாலையில் இறந்த 1,68,491 பேரில் சைக்கிளில் போனவர்கள் மூன்று விழுக்காட்டை ஒட்டி வருகிறார்கள். விழுக்காடு சிறியதாகத் தெரிந்தாலும் ஆயிரங்களில் எண்ணப்படும் உயிர்கள் அவை.

இனி ஒரு கணக்கு. மணிக்கு 60 கிலோமீட்டரில் வரும் வண்டி விநாடிக்கு ஏறத்தாழ 17 மீட்டர் கடக்கிறது. எதிரே ஏதோ இருக்கிறது என்று டிரைவருக்கு உறைத்து, கால் பிரேக்குக்குப் போவதற்கு இரண்டு விநாடி என்று வைத்தால் 33 மீட்டர் போய்விடும். காய்ந்த சாலையில் நல்ல பிரேக் உள்ள கார் நிற்க இன்னும் 24 மீட்டர். ஆகக் கிட்டத்தட்ட 60 மீட்டர் வேண்டும். வேகம் 80 ஆனால் இதே கணக்கு 85 மீட்டரைத் தாண்டிவிடுகிறது. பாரம் ஏற்றிய டிரெய்லருக்கும் நனைந்த சாலைக்கும் இதற்கு மேல். டிம் விளக்கில், கரிய நிறச் சட்டை போட்ட சைக்கிள்காரர் பெரும்பாலும் இதில் பாதித் தூரத்தில்தான் தெரிவார். மீதித் தூரத்தை யாராவது ஈடுகட்டியாக வேண்டும். சைக்கிள் விளக்கின் வேலை அதுதான்.

அந்த வேலையை மூன்று படிகளாகப் பார்க்கலாம். ஏதோ ஒன்று இருக்கிறது என்று கண்ணில் படுவது முதல் படி. அது சைக்கிளில் போகும் ஆள் என்று புரிவது இரண்டாவது. எவ்வளவு தூரத்தில், எந்தப் பக்கமாக, என்ன வேகத்தில் போகிறார் என்று கணிப்பது மூன்றாவது. மூன்றும் முடிந்த பிறகுதான் டிரைவர் ஸ்டியரிங்கை எவ்வளவு ஒடிப்பது, பிரேக்கை எவ்வளவு மிதிப்பது என்று முடிவெடுக்கிறார். பிளிங்கரைப் புகழ்பவர்கள் முதல் படியைப் பற்றியே பேசுகிறார்கள். அதில் அவர்கள் சொல்வது சரி. நேராகப் பார்க்காத பொருளிலும் மாறுகிற வெளிச்சத்தை நம் கண் சட்டென்று பிடித்துவிடும். கடைக்கண்ணில் மின்னுவது கவனத்தை இழுக்கும். மழை நேரத்து மங்கலில், சாயங்கால வெளிச்சத்தில், பட்டப்பகலில்கூட நின்று எரியும் சிறிய விளக்கு கரைந்துபோகும் இடத்தில் மின்னுவது எடுத்துக்காட்டும்.

இதற்குச் சான்றும் இருக்கிறது. டென்மார்க்கின் ஓடென்ஸ் நகரில் 2004, 2005 ஆண்டுகளில் 3,845 சைக்கிள்காரர்களை வைத்து ஒரு சோதனை நடத்தினார்கள். 1,845 பேரின் சைக்கிள்களில், சக்கரத்தில் பொருத்திய காந்தத்தின் விசையால் பகலிலும் இரவிலும் தானாகவே மின்னும் விளக்குகளைப் பொருத்தினார்கள். மற்ற 2,000 பேர் வழக்கம்போல ஓட்டினார்கள். பன்னிரண்டு மாதம் கழித்துப் பார்த்தால், காயம்பட்ட விபத்துகள் விளக்கு பொருத்தியவர்களிடம் 19 விழுக்காடு குறைவு. இன்னொரு வண்டியோடு மோதிய விபத்துகளும் கணிசமாகக் குறைந்திருந்தன. சைக்கிள் விளக்கைப் பற்றிய ஆய்வுகளில் நிஜச் சாலையில், நிஜ விபத்துகளை எண்ணிய பெரிய சோதனை என்பதால் இதற்கு மதிப்பு அதிகம்.

ஆனால் இது எதற்குச் சான்று என்று நிதானமாகப் பார்க்க வேண்டும். டென்மார்க்கில் இரவில் சைக்கிளுக்கு விளக்கு சட்டப்படி கட்டாயம். ஆக, எப்போதும் எரியும் விளக்கை, இருட்டினால் மட்டும் போடும் விளக்கோடு ஒப்பிட்ட சோதனை இது. மின்னும் விளக்கையும் நின்று எரியும் விளக்கையும் அது எதிரெதிரே நிறுத்தவே இல்லை. பலன் மின்னியதால் வந்ததா, அணையாமல் எரிந்ததால் வந்ததா என்று அதிலிருந்து பிரித்தெடுக்க முடியாது. இன்னொன்று, விபத்துகளை ஓட்டியவர்களே இணையத்தில் பதிவுசெய்தார்கள். புது விளக்கு வாங்கிய மகிழ்ச்சியில் சின்னக் காயத்தைச் சொல்லாமல் விட்டவர்கள் இருக்கலாம். அதே நாட்டில் பின்னர் 6,793 பேரை வைத்து மஞ்சள் நிற மேற்சட்டையைச் சோதித்தபோது இந்தச் சந்தேகத்துக்கு விடை கிடைத்தது. பிறரோடு மோதிக் காயம்பட்ட விபத்துகள் 47 விழுக்காடு குறைந்ததாக முதலில் தெரிந்தது. ஆனால் யாரோடும் மோதாமல் தானாக விழுந்த விபத்துகளும் சட்டை போட்டவர்களிடம் குறைந்திருந்தன. சட்டையின் நிறம் ஒருவரைத் தானாக விழாமல் தடுக்காதே! அந்த வேறுபாட்டைக் கழித்த பிறகு 38 விழுக்காடு நின்றது. அப்படிக் கழித்த பிறகும் அது பெரிய பலன்தான். பிளிங்கர் விற்பவர்கள் எடுத்துக்காட்டும் விழுக்காடுகளையும் இதே கண்ணோடு படிக்க வேண்டும்.

எதிர்ப்பக்கச் சான்று ஆஸ்திரேலியாவிலிருந்து வருகிறது. குயின்ஸ்லாந்தில் ஜோஆன் வுட் என்ற பார்வையியல் ஆய்வாளரும் அவர் குழுவினரும் 2012இல் வெளியிட்ட ஆய்வு சிறியது. இளைஞர் பன்னிரண்டு பேர், முதியோர் பன்னிரண்டு பேர், மூடிய ஓடுபாதையில், இரவில் கார் ஓட்டினார்கள். வழியில் ஒருவர் நின்ற இடத்திலேயே பெடல் மிதித்துக்கொண்டிருந்தார். ஹேண்டில்பாரில் சில முறை மின்னும் விளக்கு, சில முறை நின்று எரியும் விளக்கு, சில முறை எதுவும் இல்லை. உடையும் மாறியது. கறுப்புடை மட்டும் ஒரு சுற்று, ஒளி திருப்பும் மேற்சட்டை ஒரு சுற்று, மேற்சட்டையோடு கணுக்காலிலும் முழங்காலிலும் ஒளிப்பட்டை ஒரு சுற்று. சைக்கிளில் ஆள் இருக்கிறார் என்று டிரைவர்கள் அதிகத் தூரத்திலிருந்து அடையாளம் கண்டது கால் பட்டை கட்டியபோதுதான். விளக்கு மின்னினாலும் சரி, நின்று எரிந்தாலும் சரி, ‘அது சைக்கிள்காரர்’ என்று தெரிவதில் முன்னேற்றமே இல்லை. விளக்கை நம்பி ஓட்டுபவர்கள் தங்களைப் பற்றி அளவுக்கு மீறி நம்பிக்கை கொள்ளக்கூடும் என்றும் அந்தக் குழு எச்சரித்தது.

இதற்கும் எல்லை உண்டு. சோதித்தது முன்பக்க விளக்கை. நம் கவலை பெரும்பாலும் பின்பக்கம். இருபத்து நான்கு பேர் என்பது சிறிய எண்ணிக்கை. சைக்கிள் நகரவும் இல்லை. ஆனாலும் இந்த ஆய்வு தொட்ட இடம் முக்கியமானது. ஓடென்ஸ் விபத்துகளை எண்ணியது; குயின்ஸ்லாந்து டிரைவரின் மனத்தில் என்ன நடக்கிறது என்று கேட்டது. மேலும் கீழும் போய்வரும் இரண்டு ஒளிப்புள்ளிகளைப் பார்த்தவுடன் அது மனிதக் கால் என்று நம் மூளை கண்டுகொள்கிறது. மின்னும் ஒற்றைப் புள்ளிக்கு அப்படி ஒரு முகம் இல்லை. மருத்துவ, பாதுகாப்பு ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் அமைப்பு, பாதசாரிகளும் சைக்கிள்காரர்களும் கண்ணில் படுவதற்கான கருவிகளைப் பற்றி 2006இல் வெளியிட்ட தொகுப்பாய்வும் இதற்கு இசைவாகவே இருக்கிறது. மின்னும் விளக்கும் ஒளிப்பட்டையும் இரவில் கண்ணில் படும் தூரத்தைக் கூட்டுகின்றன, மூட்டுகளில் கட்டிய பட்டை அடையாளம் காண உதவுகிறது, ஆனால் இவை விபத்தைக் குறைக்கின்றன என்று காட்டும் சோதனை அதுவரை இல்லை என்றது அது.

மூன்றாம் படியில், தூரத்தையும் வேகத்தையும் கணிப்பதில், மின்னும் விளக்கு நேரடியாகவே தொல்லை தருகிறது. விநாடிக்கு ஒரு முறை மின்னும் விளக்கோடு ஒருவர் மணிக்கு 15 கிலோமீட்டரில் போகிறார், பின்னால் 60இல் கார் வருகிறது என்று கொள்வோம். ஒரு மின்னலுக்கும் அடுத்ததற்கும் நடுவில் காருக்கும் சைக்கிளுக்கும் உள்ள இடைவெளி 12 மீட்டருக்கு மேல் சுருங்கிவிடும். நடுவில் இருட்டு. அந்த நேரத்தில் சைக்கிள் குழியைத் தவிர்க்க வலப்பக்கம் ஒடிந்திருக்கலாம். நின்று எரியும் விளக்கைக் கண் விடாமல் தொடரும். அது பெரிதாவதையும் நகர்வதையும் வைத்தே தூரத்தைக் கணக்கிடும். மின்னும் விளக்கில் அந்தத் தொடர்ச்சி அறுந்துபோகிறது. படபடவென்று வேகமாக மின்ன வைத்தால் இருட்டு இடைவெளி குறையும், ஆனால் பின்னால் இன்னொரு சைக்கிளில் வருபவருக்குக் கண் கூசும். ஒளி மின்னலால் வலிப்பு வரக்கூடியவர்களுக்கு ஆபத்தும் உண்டு. பிரிட்டன் 2005இல் மின்னும் சைக்கிள் விளக்கை அனுமதித்தபோது நிமிடத்துக்கு 60 முதல் 240 முறை வரை என்று வரம்பு கட்டியது. ஜெர்மனியோ சைக்கிளின் முன்விளக்கும் பின்விளக்கும் மின்னவே கூடாது என்கிறது. ஜெர்மனியின் கண்டிப்பை வறட்டுப் பிடிவாதம் என்று தள்ளிவிட என்னால் முடியவில்லை. எல்லாச் சைக்கிளிலும் நல்ல விளக்கு நின்று எரியும் நாட்டில் அந்த விதி பொருந்தும். நம் நிலைமை அதுவல்ல என்பதால் அப்படியே எடுத்துக்கொள்ளவும் முடியாது.

நம் நிலைமையில் முதலில் கணக்கில் எடுக்க வேண்டியது நம் சாலைகளின் வெளிச்சக் குழப்பம். ஒரு வெளிச்சம் எடுத்துக்காட்ட வேண்டுமென்றால் சுற்றியிருப்பது வேறு மாதிரி இருக்க வேண்டும். ஓடென்ஸில் மின்னும் சின்ன விளக்கென்றால் சைக்கிள் என்று டிரைவர் பழகிவிடலாம். ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் சாலையில் மீடியன் திறப்புதோறும் சோலார் பிளிங்கர் மஞ்சளாக மின்னுகிறது. போலீஸ் தடுப்பில் சிவப்பும் நீலமும். டீக்கடை, பிரியாணிக் கடை முகப்பில் ஓடிக்கொண்டே இருக்கும் எல்இடி சரம். பழுதாகி நின்ற லாரி நான்கு பக்கமும் இண்டிகேட்டர் போட்டிருக்கிறது, பழுதாகாமல் ஓடும் லாரியும் சில சமயம் போட்டிருக்கிறது. 2017 ஏப்ரல் முதல் வந்த புது மோட்டார் சைக்கிள்களில் முன்விளக்கு பகலிலும் தானாக எரிகிறது. இந்த வெளிச்சக் காட்டில் ஒரு சிவப்புப் புள்ளி மின்னினால் டிரைவர் அதைத் தடுப்பு என்றோ, ஓரமாக நிற்கும் வண்டி என்றோ, கடை விளக்கு என்றோ எடுத்துக்கொள்ள எல்லா வாய்ப்பும் இருக்கிறது. ‘ஏதோ மின்னுது’ என்பதற்கும் ‘சைக்கிள் போகுது’ என்பதற்கும் நடுவில் ஓடும் விநாடிகளைத்தான் மேலே மீட்டர் கணக்கில் பார்த்தோம்.

இந்தக் குழப்பம் நீதிமன்றம் வரை போயிருக்கிறது. கோவை கங்கா மருத்துவமனையின் எலும்பு சிகிச்சை நிபுணர் டாக்டர் எஸ். ராஜசேகரன் 2012இல் தொடுத்த சாலைப் பாதுகாப்பு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2025 அக்டோபரில் பிறப்பித்த உத்தரவு, கண்ணைக் கூச வைக்கும் முன்விளக்குகளின் வெளிச்சத்துக்கு அளவு வகுக்கவும், அனுமதியின்றிப் பொருத்திய சிவப்பு–நீல மின்னும் விளக்குகளை அகற்றவும் சொன்னது. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019இல் சேர்த்த 138 (1ஏ) பிரிவின் கீழ், பாதசாரிகளுக்கும் மோட்டார் இல்லாத வண்டிகளுக்கும் மாநிலங்கள் விதி வகுக்க வேண்டும் என்றும் சொன்னது. சைக்கிள் விளக்கைப் பற்றித் தெளிவான மாநில விதி எழுதுவதற்கு இதைவிட நல்ல வாய்ப்பு கிடைக்காது. ஒரு காலத்தில் லைட் இல்லாத சைக்கிளைப் போலீஸ் நிறுத்திய ஊர்கள் நம்முடையவை. அந்தக் கெடுபிடியை மீட்டுக்கொண்டு வருவதில் எனக்கு விருப்பமில்லை, அபராதம் முதலில் விழுவது கான்ட்ராக்ட் தொழிலாளி மேல்தான். விதி வேண்டியது விற்பவருக்கும் வாங்கிக் கொடுப்பவருக்கும்.

இரவு ஷிஃப்ட் முடிந்து வருபவர்களின் சைக்கிள்களை வல்லம் பக்கத்தில் ஒரு டீக்கடை ஓரம் நின்று பார்த்திருக்கிறேன். ஒரு சைக்கிளில் பிளிங்கர் சரியாகவே எரிந்துகொண்டிருந்தது, ஆனால் கேரியரில் கட்டியிருந்த சாப்பாட்டுப் பை அதை முழுக்க மறைத்துவிட்டது. பக்கவாட்டில் இருந்த எனக்குத் தெரிந்த சிவப்பு, நேர் பின்னால் வருபவருக்குத் தெரியாது. இன்னொன்றில் ரப்பர் பட்டை தளர்ந்து, விளக்கு பின்சக்கரத்தைப் பார்த்துத் தொங்கியது. மூன்றாவதில் தொளதொளச் சட்டையின் வால் சீட்டுக்குப் பின்னால் விழுந்து, வெளிச்சத்தைச் சேற்று நிறமாக்கியிருந்தது. அந்த மூவரையும் கேட்டிருந்தால் விளக்கு இருக்கிறது என்றுதான் சொல்லியிருப்பார்கள், அது உண்மையும்கூட. நம் சைக்கிள் சாமான் ஏற்றும் வண்டி. கேரியர் இல்லாத சைக்கிளுக்கென்று வடிவமைத்த விளக்கைச் சீட்டுத் தண்டில் மாட்டினால் இப்படித்தான் ஆகும். மட்கார்டின் நுனியிலோ கேரியரின் பின் விளிம்பிலோ இரண்டு திருகு போட்டு இறுக்குவதுதான் வழி. எந்தச் சைக்கிள் கடையிலும் ஐந்து நிமிட வேலை.

எல்லோரும் மின்னும்படியே ஏன் வைக்கிறார்கள்? கவனத்தை ஈர்க்க என்பது ஒரு காரணம். செல் சீக்கிரம் தீராது என்பதே பெரிய காரணம் என்று நினைக்கிறேன். மின்னும் விளக்கு பாதிக்கும் மேற்பட்ட நேரம் அணைந்தே இருக்கிறது, அதனால் அதே செல் பல மடங்கு நாள் வருகிறது. மாதக் கடைசியில் செல் வாங்கக் கணக்குப் பார்ப்பவருக்கு இது நியாயமான காரணம். எரியாமல் போன நிலையான விளக்கைவிட மின்னிக்கொண்டிருக்கும் விளக்கு எவ்வளவோ மேல். சார்ஜ் ஏற்றும் விளக்குக்கு மாறினால் இந்தக் கட்டாயம் பாதி போய்விடும். பழைய டைனமோ விளக்கில் செல் பிரச்சினையே இல்லை. சைக்கிள் நின்றால் அணையும் என்ற குறையை, மின்தேக்கி வைத்த இன்றைய எல்இடி விளக்குகள் தீர்த்துவிட்டன. நம் கடைகளில் டைனமோ அரிதாகிவிட்டது எனக்கு வருத்தமான விஷயம்.

அப்படியானால் விளக்கை விட்டு ஒளிப்பட்டையையே, நம் ஊரில் ரேடியம் ஸ்டிக்கர் என்று கடைகளில் வெட்டிக் கொடுப்பதையே, நம்பிவிடலாமா? தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போகும் பக்தர்களுக்குப் போலீஸார் அதை ஒட்டிவிடுவதைப் பார்க்கிறோம். அது செய்யும் வேலை பெரிது. ஆனால் டிரெய்லர்கள் நிறைந்த இந்தச் சாலையில் அதற்கு ஒரு குறை இருக்கிறது. ஒளிப்பட்டை தன்மேல் விழும் வெளிச்சத்தை வந்த திசைக்கே, முன்விளக்கை நோக்கியே, திருப்பி அனுப்புகிறது. காரில் டிரைவரின் கண் முன்விளக்குக்குச் சற்று மேலே இருப்பதால் அவருக்குப் பளிச்சென்று தெரியும். லாரியில் டிரைவர் முன்விளக்கைவிட மிக உயரத்தில் உட்கார்ந்திருக்கிறார். திரும்பி வரும் ஒளியில் பெரும்பங்கு அவர் கண்ணுக்குக் கீழேயே போய்விடும். ஒரு முன்விளக்கு எரியாத லாரியென்றால் இன்னும் மோசம். சேறு படிந்த பட்டையும் வேலை செய்யாது. ஆக, பட்டை மட்டும் போதும் என்று சொல்ல முடியாது, தானே எரியும் விளக்கும் வேண்டும்.

என் தீர்ப்பு இதுதான். இந்தச் சாலையில் இரவில் சைக்கிள் ஓட்டுபவருக்கு முதல் தேவை மறைபடாத இடத்தில் இறுக்கிய, நின்று எரியும் சிவப்புப் பின்விளக்கு. அதற்கு ஈடான தேவை, இரு கணுக்காலிலும் பெடலிலும் ஒளிப்பட்டை. மின்னும் விளக்குக்கு மூன்றாம் இடம். இரண்டாவது பின்விளக்காக, நிதானமாக மின்னும்படி, நின்று எரிவதற்குத் துணையாக இருந்தால் அது நன்மை செய்யும். பகலிலும் மழையிலும் தனியாகவும் பயன்படும். ஒரே ஒரு விளக்குதான் வாங்க முடியும் என்றால் இருட்டிய பிறகு அது நின்று எரியட்டும். முன்னால் வெள்ளை விளக்கை இரவில் மின்ன விடுவதை நான் ஒரேயடியாக மறுக்கிறேன். யூ டர்ன் தூரமாக இருப்பதால் சர்வீஸ் ரோட்டில் ராங் சைடில் வருவது இங்கே அன்றாடம். அப்படி வருபவர் முன்னால் வெள்ளை மின்னலோடு வந்தால் எதிரே வரும் இன்னொரு சைக்கிள்காரருக்குக் கண் இருட்டிவிடும், அவருக்கே தன் முன்னால் உள்ள குழியும் துண்டு துண்டாகத்தான் தெரியும்.

இதற்கு எதிராக வரும் வாதங்களில் நான் மிக மதிப்பது ஒன்று. சைக்கிள்காரர் உடம்பு முழுக்க விளக்கு கட்டிக்கொள்ள வேண்டும் என்பது, வேகமாக ஓட்டுபவரின் பொறுப்பை மெதுவாகப் போகிறவரின் தலையில் கட்டுவதாகும் என்கிறார்கள். உண்மைதான். பின்விளக்கும் முக்கோணமும் வைக்காமல் சாலையோரம் நிறுத்திய டிரெய்லரைச் சுற்றிக்கொண்டு போக நடுச்சாலைக்கு வரும் சைக்கிளை எந்த விளக்கும் முழுக்கக் காப்பாற்றாது. தெருவிளக்கு எரியாத தூரங்களும், நடுவிலே அறுந்துபோகும் சர்வீஸ் ரோடும், மணிக்கு 80இல் பறக்கும் கம்பெனி வண்டியும் அரசும் ஆலைகளும் தீர்க்க வேண்டியவை. ஆனால் அவை தீரும் வரை இன்றிரவு ஷிஃப்ட் முடிந்து போகிறவருக்கு நல்ல விளக்கைச் சொல்லாமல் இருப்பது எனக்குச் சம்மதமில்லை. செலவை யார் ஏற்பது என்பதில்தான் அந்த வாதத்தின் நியாயம் செயலாக வேண்டும். ஹெல்மெட் இல்லாத பைக்கை வாசலிலேயே நிறுத்தும் ஆலைகள், சீருடை பேன்ட்டின் கீழ் விளிம்பில் இரண்டு விரல் அகல ஒளிப்பட்டையைத் தைத்தே கொடுக்கலாம். நிரந்தரத் தொழிலாளியின் பேன்ட்டில் மட்டுமில்லை, கான்ட்ராக்டர் கொடுக்கும் சீருடையிலும். லுங்கியும் செருப்புமாக வருகிறவருக்குப் பெடலிலும் கிராங்கிலும் ஒட்டலாம். இலவச சைக்கிளின் கொள்முதல் ஒப்பந்தத்தில் மட்கார்டு நுனியில் ஒரு பின்விளக்கையும் ஒளிப்பட்டை வைத்த பெடலையும் சேர்ப்பது அரசு எழுத வேண்டிய இரண்டு வரி. புதுச் சைக்கிள்களின் ரிஃப்ளெக்டர் தரத்துக்கு மத்திய அரசு 2020இல் ஆணை கொண்டுவந்தது. ஐந்தாவது, ஆறாவது கை மாறி இங்கே ஓடும் பழைய சைக்கிளை அது தொடுவதில்லை.

இவற்றில் எது எவ்வளவு பலன் தரும் என்பதை இங்கேயே சோதித்துப் பார்த்துவிடலாம். மத்திய அரசின் வாகனச் சோதனைத் திட்டத்தில் அமைந்த குளோபல் ஆட்டோமோட்டிவ் ரிசர்ச் சென்டர் ஒரகடத்திலேயே இருக்கிறது, சோதனை ஓடுபாதையோடு. குயின்ஸ்லாந்தில் தேவைப்பட்டது ஒரு மூடிய பாதை, இருபத்து நான்கு டிரைவர்கள், ஒரு சைக்கிள். இங்கே கார் டிரைவர்களோடு டிரெய்லரும் டிப்பரும் ஓட்டுபவர்களையும் அழைக்க வேண்டும். சைக்கிளை நிறுத்தி வைக்காமல் ஓட்டவும், கேரியரில் சாப்பாட்டுப் பையைக் கட்டவும், பின்னணியில் ஒரு சோலார் பிளிங்கரை மின்ன விடவும், எதிரே ஹைபீமில் ஒரு வண்டியை நிறுத்தவும் வேண்டும். மின்னும் விளக்கு, நின்று எரியும் விளக்கு, கால் பட்டை, எல்லாம் சேர்ந்தது என்று மாற்றி மாற்றி வைத்து, டிரைவர் ‘சைக்கிள்’ என்று சொன்ன தூரத்தை மீட்டரில் அளக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழைக்கு முன் ஒரு முறை, மழைக்குள் ஒரு முறை அளந்தால், சீருடையிலும் இலவச சைக்கிளிலும் என்ன தைப்பது, எதை மாட்டுவது என்பதற்கு இந்தச் சாலையின் எண்களே கிடைக்கும்.